ராணிப்பேட்டை குரோமிய மேடு: கழிவை அள்ளிவிட்டால் கிணறு தானாகத் தெளியுமா?

பாலாற்றுக்கரை (இழையைத் தொடங்கியவர்)

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தக் குரோமியக் கழிவு மேட்டைப் பற்றி ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக: தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை எழுபதுகளின் நடுவில் ஆரம்பித்து, இருபது வருடம் சோடியம் பைகுரோமேட்டும் தோல் ஷாப்களுக்கான (தோல் பதனிடும் ஆலைகள்) குரோமியம் சல்பேட்டும் தயாரித்தது. 1995 வாக்கில் மூடிவிட்டார்கள். கழிவு மட்டும் ஆலை வளாகத்திலேயே திறந்த வெளியில் பல வருடம் கிடந்தது. அடைமழை பெய்தால் அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து வாய்க்காலில் இறங்கும்.

அதை அள்ளப் போகிறார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. ஒரு கட்சி, மேட்டை எடுத்துப் புதைத்தால் வேலை முடிந்தது, நிலத்தடி நீர் இரண்டு மழையில் சரியாகிவிடும் என்கிறது. இன்னொரு கட்சி, மேடு எங்கேயும் ஓடிவிடாது, முதலில் தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்யுங்கள் என்கிறது. பக்கத்தில் காரை என்ற ஊரில் என் மாமனாருக்கு நிலமும் கிணறும் இருக்கின்றன. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள்.

கருங்கல்

நிலத்தடி நீர் சம்பந்தப்பட்ட அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு கட்சிக்கும் பாதி மார்க் போடலாம்.

குரோமைட் தாதுவைச் சோடா உப்பு, சுண்ணாம்பு சேர்த்து உலையில் வறுப்பார்கள். தாதுவில் இருக்கும் மூன்றிணைதிறன் குரோமியம் அந்தச் சூட்டில் ஆறிணைதிறன் குரோமியமாக மாறும். இரண்டும் ஒரே உலோகத்தின் இரண்டு வடிவங்கள், ஆறிணைதிறன்தான் நஞ்சு. அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து எடுத்தால் சரக்கு, மிஞ்சியது கழிவு. எவ்வளவு கரைத்து எடுத்தாலும் கொஞ்சம் ஆறிணைதிறன் குரோமியம் கழிவிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பு சேர்ந்த கழிவு என்பதால் அதன் பி.ஹெச். 11, 12 என்று இருக்கும், அதாவது கடும் காரம். ஒவ்வொரு மழையும் அதிலிருந்து கொஞ்சம் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது.

ஆறிணைதிறன் குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாக, எதிர்மின் சுமையோடு இருக்கிறது. களிமண்ணும் எதிர்மின் சுமை கொண்டதுதான், அதனால் மண் இதைப் பெரிதாகப் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். மூன்றிணைதிறன் அப்படியில்லை. சாதாரண பி.ஹெச்.சில் ஹைட்ராக்சைடாகப் படிந்து மண்ணோடு உட்கார்ந்துவிடும். சுத்திகரிப்பு என்று உலகத்தில் என்னென்ன செய்கிறார்களோ, முக்கால்வாசி இந்த ஆறை மூன்றாக்கும் வேலைதான்.

அடுத்தது நம் ஊர்ப் பாறை. மேலே மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்பு விட்ட கெட்டிப் பாறை. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் குரோமியமும் ஓடும். மேட்டுக்கு அடுத்த கிணறு நன்றாக இருந்து, நாலு வயல் தள்ளி இருக்கும் போர்வெல் கெட்டிருக்கலாம். தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் இங்கே வந்து ஆய்வு செய்ததே இந்த ஓட்டத்தைப் பிடிக்கத்தான்.

மேட்டை அள்ளினால் புதிதாக இறங்குவது நிற்கும். ஏற்கெனவே இறங்கியது அங்கேயேதான் இருக்கும். மேட்டை வைத்துக்கொண்டு இறைத்தால், மோட்டார் ஓடும் வரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தோல்ஷாப் மணி

குரோமியம் என்ற பேச்சு வந்தாலே தோல் ஷாப்காரனைத்தான் கை காட்டுகிறார்கள். நாங்கள் தொட்டியில் போடுவது மூன்றிணைதிறன் சரக்கு. எங்கள் கழிவில் உப்பு இருக்கிறது, நாற்றம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பாகிப் போனதில் தோல் தொழிலுக்குப் பங்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மஞ்சள் தண்ணீர் எங்களுடையது இல்லை. 2015 ஜனவரியில் சிட்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் செத்தார்களே, அந்தச் செய்தியையும் இந்த மேட்டையும் சேர்த்து ஒரே கதையாக எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

கருங்கல்

மணி சொல்வது சரி. பொறுப்பைப் பிரித்துப் பார்ப்பதற்கும் இது உதவும். கிணற்றில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மட்டும் ஏறியிருந்தால் ஒரு கதை, ஆறிணைதிறன் குரோமியம் இருந்தால் வேறு கதை.

போர்வெல் வாலாஜா

நான் வண்டி வைத்திருப்பவன். இந்தப் பக்கம் கூப்பிடுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மேல் தண்ணீர் கெட்டுப்போச்சு, இன்னும் 300 அடி இறக்குப்பா, கீழே நல்ல தண்ணி இருக்கும்." இறக்கினால் சில மாதம் நன்றாகத்தான் வருகிறது. அப்புறம் அதுவும் மஞ்சளாகிறது. இதற்கு என்ன காரணம் சார்?

கருங்கல்

தம்பி, நீங்கள் போடும் ஓட்டைதான் காரணம். கேசிங் பைப்பைப் பாறை தட்டும் வரை இறக்கிவிட்டு, சுற்றிச் சிமென்ட் பால் ஊற்றாமல் விட்டால், மேலே இருக்கும் கெட்ட தண்ணீர் பைப்புக்கு வெளிப்பக்கமாகவே வழிந்து கீழ் வெடிப்புக்குப் போய்விடும். அதுவரை தனித்தனியாக இருந்த இரண்டு நீர்மட்டத்தையும் நாமே இணைத்து விடுகிறோம். போதாததற்குக் கீழே மோட்டார் வைத்து உறிஞ்சும்போது மேல் தண்ணீரைக் கீழே இழுக்கவும் செய்கிறோம். கைவிட்ட போர்களும் இதே வேலையைச் செய்கின்றன. சுத்திகரிப்பு என்று யாராவது உண்மையில் இறங்கினால், முதல் மாதமே அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பழைய போர்களைக் கணக்கெடுத்து, அடியிலிருந்து மேல் வரை சிமென்ட் ஊற்றி அடைக்க வேண்டும். சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. இதில் திறப்பு விழா வைக்க முடியாது பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

ஒரு சந்தேகம். 2006-ல் உலகின் மிக மாசுபட்ட இடங்கள் என்று பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு பட்டியல் போட்டபோது, முதல் பத்தில் ராணிப்பேட்டையும் இருந்தது. அதில் கழிவு 15 லட்சம் டன், 2 ஹெக்டேர் இடத்தில் 3 முதல் 5 மீட்டர் உயரம் என்று இருந்ததாக ஞாபகம். இங்கே அதிகாரிகள் சொல்வது 2 லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் மேலே.

கணக்குப் போட்டேன். 2 ஹெக்டேர் என்றால் 20,000 சதுர மீட்டர். உயரம் 5 மீட்டர் என்றே வைத்தாலும் 1 லட்சம் கன மீட்டர். கன மீட்டருக்கு 2 டன் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 2 லட்சம் டன்தான் வருகிறது. 15 லட்சம் வர வேண்டுமானால் அந்தக் கழிவு இரும்பை விடக் கனமாக இருக்க வேண்டும். அந்த அறிக்கையை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எல்லாம் இந்த எண்ணை அப்படியே காப்பி அடித்திருக்கின்றன.

சரி, 2 லட்சம் டன்னே இருக்கட்டும். டிப்பருக்கு 20 டன் என்றால் 10,000 நடை. அபாயக் கழிவைப் புதைக்க அனுமதி பெற்ற இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். தார்ப்பாய் சரியாக மூடாத ஒரு வண்டி போனால் வழி நெடுக மஞ்சள் தூசி பறக்கும். ஆறிணைதிறன் குரோமியத் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. "அள்ளிக் கொண்டு போ" என்று ஒரே வரியில் சொல்கிறவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

ஹட்சன் செல்வி

நியூ ஜெர்சியில் இருந்து எழுதுகிறேன். மண், நீர் சுத்திகரிப்புதான் என் வேலை. இங்கே ஜெர்சி சிட்டி, கியர்னி பக்கம் அதே மாதிரி ஆலைகள் மூன்று இருந்தன. கழிவு மணல் போல இருந்ததால் அதைப் பள்ளம் நிரப்ப ஊர் முழுக்க விற்றார்கள், கொடுத்தார்கள். வீட்டு நிலவறைச் சுவரில் மஞ்சளும் பச்சையுமாகப் படிகம் பூத்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். ஹட்சன் கவுன்டியில் மட்டும் இப்படி 150-க்கும் மேற்பட்ட இடங்கள். ஒரு பெரிய இடத்தை மூடி வைத்தால் போதும் என்று கம்பெனித் தரப்பு வாதாடியது. ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2003-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அள்ளித்தான் ஆக வேண்டும் என்று ஹனிவெல் நிறுவனத்துக்கு உத்தரவு போட்டது.

நீதிமன்றம் அவ்வளவு கறாராக இருந்ததற்கு இந்தக் கழிவின் குணமும் ஒரு காரணம். சுண்ணாம்பு கலந்த இந்தக் கழிவு தண்ணீர் பட்டால் மெல்ல உப்பும். மேலே போட்ட தார், கான்கிரீட் மூடியெல்லாம் தூக்கிக்கொண்டு வெடிக்கும். அதனால் "மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு, மண் கொட்டி, புல் வளர்த்துவிடலாம்" என்ற யோசனை மற்ற குப்பைமேடுகளுக்குச் சரி, இதற்குச் சுலபமாகப் பொருந்தாது.

காலம் போனால் தானாகச் சரியாகும் என்று நினைப்பவர்களுக்குக் கிளாஸ்கோவைக் காட்டலாம். அங்கே குரோமியம் ஆலை மூடியது அறுபதுகளில். 2019-ல் பக்கத்து ஓடை பச்சையாக ஓடியது.

ஈ.டி.பி. ஆபரேட்டர்

நான் முலாம் பூசும் யூனிட் ஒன்றில் ஈ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) பார்க்கிறேன். தண்ணீரில் இருக்கும் ஆறை மூன்றாக்குவது எங்களுக்குத் தினசரி வேலை. தொட்டியில் கந்தக அமிலம் விட்டு பி.ஹெச்.சை இரண்டரைக்கு இறக்கி, மெட்டாபைசல்பைட் போட்டுக் கலக்கினால், ஆரஞ்சு மஞ்சளாக இருந்த தண்ணீர் கண் முன்னே பச்சையாகும். அப்புறம் சுண்ணாம்புப் பால் விட்டு எட்டரைக்கு ஏற்றினால் பச்சைச் சேறாக அடியில் இறங்கிவிடும். இதையே போர் தண்ணீருக்கும் செய்ய வேண்டியதுதானே? மெட்டாபைசல்பைட் விலை கட்டாது என்றால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) இருக்கிறது.

ஹட்சன் செல்வி

மேலே இறைத்த தண்ணீருக்குத் தாராளமாகச் செய்யலாம், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அளவை மட்டும் பாருங்கள். 1 கிலோ ஆறிணைதிறன் குரோமியத்துக்கு ஏட்டுக் கணக்குப்படி சுமார் 16 கிலோ அன்னபேதி வேண்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும் தண்ணீர் 1 லட்சம் லிட்டர் இறைத்தால் அதில் 10 கிலோ குரோமியம் இருக்கும். அப்படியானால் 160 கிலோ அன்னபேதி, வெளியே வரும் சேறு காய்ந்த கணக்கில் 80 கிலோவுக்கு மேல். ஈரத்தோடு அது பல மடங்கு. அந்தச் சேறும் அபாயக் கழிவுதான், அதற்கும் கும்மிடிப்பூண்டி வண்டி வேண்டும்.

மேட்டின் மேலேயே அன்னபேதிக் கரைசலை ஊற்றிவிடலாம் என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். பி.ஹெச். 12-ல் இரும்பு, குரோமியத்தைத் தொடும் முன்பே படிந்துவிடும். மேற்பரப்பில் துருப்பிடித்த ஓடு ஒன்று உண்டாகும், உள்ளே அப்படியே இருக்கும். போதாததற்கு அன்னபேதியில் இருக்கும் சல்பேட், நான் சொன்ன உப்பலை இன்னும் கூட்டும். காரத்திலும் வேலை செய்யும் கால்சியம் பாலிசல்பைடு போன்றவை உண்டு. அதையும் கழிவோடு நன்றாகக் கலக்கி அரைத்தால்தான் பலன்.

பாலாற்றுக்கரை

இறைத்துச் சுத்தம் செய்வது எத்தனை வருடம் பிடிக்கும் மேடம்?

ஹட்சன் செல்வி

வருடம் என்று கேட்காதீர்கள், தலைமுறை என்று கேளுங்கள். முதல் ஓரிரு வருடம் எண்கள் வேகமாக இறங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். அப்புறம் ஒரு இடத்தில் நின்றுவிடும். நனைந்த போர்வையைப் பிழிகிற மாதிரிதான்: முதலில் கொட்டும், பிறகு மணிக்கணக்கில் சொட்டும். வெடிப்புகளில் ஓடும் தண்ணீரை இறைத்துவிடலாம். களிமண்ணுக்குள்ளும் சிதைந்த பாறையின் நுண்துளைகளுக்குள்ளும் பல வருடமாக ஊறிப்போன குரோமியம் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். மோட்டாரை நிறுத்தினால் ஆறு மாதத்தில் எண் மறுபடி ஏறும். 1994-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம், இறைத்துச் சுத்தம் செய்யும் 77 இடங்களை எடுத்துப் பார்த்தது. இலக்கைத் தொட்டவை 8.

அதனால் இறைப்பதை நான் வேலி என்றுதான் பார்ப்பேன். மாசு இன்னும் தள்ளிப் போய் ஏரிக்கும் ஆற்றுக்கும் சேராமல் தடுக்க அது வேண்டும். தண்ணீரைக் குடிநீராக்கும் வேலையைப் பூமிக்குள்ளேயே நடத்த வேண்டும்.

நல்ல உதாரணம் ஒன்று, வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி. கடலோரக் காவல்படைத் தளத்தில் குரோமிய முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது, தரைக்குக் கீழே கசிந்துவிட்டது. 1996-ல் அதற்கும் ஆற்றுக்கும் நடுவே 46 மீட்டர் நீளம், 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலத்தில் அகழி வெட்டி இரும்புத் தூளால் நிரப்பினார்கள். தண்ணீர் தன் போக்கில் இரும்புக்குள் நுழைந்து வெளியே வரும்போது ஆறிணைதிறன் குரோமியம் மூன்றிணைதிறனாகிவிடுகிறது. மோட்டார் கிடையாது, கரன்ட் பில் கிடையாது. பல வருடம் வேலை செய்தது.

கருங்கல்

எலிசபெத் சிட்டி மணல் பூமி மேடம். அங்கே இயந்திரம் வெண்ணெய் வெட்டுவதுபோல வெட்டிக்கொண்டு போகும். இங்கே சிதைந்த பாறை வரைக்கும் வெட்டலாம், அதற்குக் கீழே வெடிப்புகளில் போவதை எந்தச் சுவரும் தடுக்காது. மேல் நீர்மட்டத்துக்கு மட்டும் அரைச் சுவர் வைக்கலாம். பாறைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

ஹட்சன் செல்வி

ஒத்துக்கொள்கிறேன். வெடிப்புப் பாறையில் கரைசலாக உள்ளே செலுத்துவதுதான் நடக்கிற காரியம். கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற ஊர். எரிவாயுக் குழாய் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்களில் துருப்பிடிக்காமல் இருக்க 1952 முதல் 1966 வரை குரோமியம் கலந்த தண்ணீரைப் பயன்படுத்தி, அடியில் எதுவும் போடாத குட்டைகளில் விட்டார்கள். 1996-ல் 33.3 கோடி டாலர் இழப்பீடு. பணம் கொடுத்ததோடு தண்ணீர் சுத்தமாகிவிடவில்லை, வேலை இன்னும் நடக்கிறது. அங்கே எத்தனாலைப் பூமிக்குள் செலுத்துகிறார்கள். நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அந்தச் சூழலில் ஆறு மூன்றாகும். மாசு குறைவான ஓரங்களில் அதே தண்ணீரை இறைத்துக் குதிரைமசால் தீவனப் பயிருக்குப் பாய்ச்சுகிறார்கள். வேர்ப்பகுதி மண்ணிலேயே மாற்றம் நடந்துவிடுகிறது.

எத்தனாலுக்குப் பதில் மொலாசஸும் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) போடலாம்.

போர்வெல் வாலாஜா

அப்போ அம்முண்டி சர்க்கரை ஆலைக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம். குரோமியத்துக்கு நம் ஊர் மொலாசஸ் போதும் என்றால் டெண்டருக்கு நானே வருகிறேன்.

கருங்கல்

வேடிக்கை இருக்கட்டும், யோசனை மோசமில்லை. ஆனால் கண்மூடித்தனமாக ஊற்றினால் வேறு வம்பு வரும். ஆக்சிஜன் தீர்ந்ததும் பாறையில் இருக்கும் இரும்பும் மாங்கனீசும் கரைய ஆரம்பிக்கும், ஆர்சனிக் இருந்தால் அதுவும். ஹிங்க்லியிலேயே மாங்கனீசு, ஆர்சனிக் பிரச்சினை பேசப்பட்டது. தவிர, மேட்டுக்கு நேர் கீழே பி.ஹெச். 11-க்கு மேல் என்றால் நுண்ணுயிரே பிழைக்காது. மேட்டை விட்டுத் தள்ளி, பி.ஹெச். இறங்கிய இடத்தில்தான் இது எடுபடும். முதலில் சின்ன இடத்தில் நாலு கண்காணிப்புக் கிணறு போட்டு ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் பெரிதாகச் செய்ய வேண்டும்.

என் வரிசை இதுதான். பழைய போர்களை அடை. மேட்டைச் சுற்றி வடிகால் வெட்டி மழைத்தண்ணீரை வெளியே திருப்பு, கசிவைப் பிடித்துச் சுத்திகரி. இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம், இந்த வருடமே செய்யலாம். அப்புறம் மேடு. அதை அங்கேயே அடியில் ஷீட் போட்ட குழியில் பத்திரமாக வைப்பதா, வெளியே அனுப்புவதா என்று சண்டை போடுங்கள். அது முடிந்த பிறகுதான் பூமிக்குள் ஊசி போடுவது. மேடு இருக்கும்போது மொலாசஸ் ஊற்றுவது காசுக்குப் பிடித்த கேடு.

வக்கீல் நோட்டீஸ்

எல்லாம் சரி, காசு யார் கொடுப்பது? 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்பதை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றே அறிவித்தது. பாலாற்றுத் தோல் கழிவுக்காகப் போட்ட வழக்குதான் அது, அதாவது நம் மாவட்டத்து வழக்கு. சட்டக் கல்லூரியில் நாடு முழுக்கப் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு வந்த மண்ணிலேயே, ஆலை மூடிப் பெட்டியில் காசில்லாமல் போனபோது மாசுபடுத்தியவரை எங்கே தேடுவது என்ற கேள்வி நிற்கிறது.

அமெரிக்காவில் 1980-ல் சூப்பர்ஃபண்ட் சட்டம் கொண்டு வந்து, ரசாயன, பெட்ரோலியக் கம்பெனிகளிடம் வரி வாங்கி நிதி சேர்த்தார்கள். 1995-ல் அந்த வரி காலாவதியானதும் நிதி வற்றியது, 2021-ல்தான் மறுபடி சட்டம் போட்டார்கள். இங்கே 2025-ல் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு விதிகள் வெளியிட்டிருக்கிறது. பொறுப்பாளி யார் என்று கண்டுபிடித்து அவரிடம் வசூல் செய், ஆள் இல்லையென்றால் அரசு செய் என்பது சாரம். என் அபிப்பிராயம், வசூலுக்காகக் காத்திருந்தால் இன்னொரு முப்பது வருடம் ஓடும். அரசு முதலில் செலவு செய்துவிட்டு வசூல் வழக்கைத் தனியாக நடத்தட்டும்.

தோல்ஷாப் மணி

அரசு செலவு என்றால் நம் வரிப்பணம் வக்கீல் சார். லாபம் அவர்களுக்கு, மேடு நமக்கா?

வக்கீல் நோட்டீஸ்

நியாயமான கோபம். ஆனால் மழை தீர்ப்புக்காகக் காத்திருக்காதே.

நெறியாளர்

கட்சி அரசியல் பேசிய மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்புக்குள் இருங்கள்.

பாலாற்றுக்கரை

மாமனார் கிணற்றைப் பரிசோதிக்க முடிவு செய்திருக்கிறோம். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. எப்படிப் பிடிக்க வேண்டும்?

கருங்கல்

தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள். இந்தியத் தரப்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக் கூடாது. மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அதைப் போலப் பல மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போன பிறகு பிடியுங்கள். ஆய்வகத்தில் "ஆறிணைதிறன் தனியாக, மொத்தம் தனியாக" என்று எழுதிக் கேளுங்கள், இரண்டு பாட்டில் வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உலோகச் சோதனைக்கு வழக்கமாகப் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள். மொத்தக் குரோமியத்துக்கு அது சரி. ஆறிணைதிறன் பாட்டிலில் அந்த அமிலம் விழுந்தால் வழியிலேயே ஆறு மூன்றாகிவிடும், அறிக்கையில் "இல்லை" என்று வரும். அமிலம் விடாமல், வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை எடுத்தால்தான் படம் முழுசாகத் தெரியும்.

பாலாற்றுக்கரை

நன்றி ஐயா. ரிசல்ட் வரும் வரை அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா? ஆர்.ஓ. மிஷின் வாங்கலாமா என்றும் மாமியார் கேட்கிறார்.

ஹட்சன் செல்வி

காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், குரோமியம் மிச்சத்தில் செறிவாகும். ஆர்.ஓ. நன்றாகவே எடுக்கும். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒன்றிரண்டு குடம் கழிவு நீர் வெளியே வரும், எடுத்த குரோமியம் முழுக்க அதில்தான் இருக்கும். அதைத் தோட்டத்தில் விட்டால் திரும்பவும் அதே கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். இப்போதைக்குக் குடிக்கவும் சமைக்கவும் மாட்டுக்குக் காட்டவும் வெளித் தண்ணீர் பிடியுங்கள். ரிசல்ட் வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.